நெட் இல்லாட்டியும் பைத்தான், சி மேனுவல் படிக்கலாம்: விண்டோஸ், லினக்ஸ், மேக் மூணுலயும்

கரண்ட் போனா லேப்டாப் ரெண்டு மணி நேரம் தாங்கிடும், வைஃபை ரவுட்டர் அந்த செகண்டே படுத்துரும், அப்பதான் பார்த்து ஒரு ஃபங்ஷனுக்கு என்ன ஆர்கியுமெண்ட் குடுக்கணும்னு மறந்து தொலையும். அதனால மேனுவலை முன்னாடியே இறக்கி வச்சுக்கங்க, எல்லாம் ஃப்ரீதான்.

ஸ்டெப் 1: டெர்மினல்ல பைத்தானை ஓப்பன் பண்ணா முதல் வரியிலயே வெர்ஷன் நம்பர் வரும், அதை குறிச்சுக்கங்க. அப்புறம் பைத்தானோட சொந்த டாகுமெண்டேஷன் சைட்டுக்கு போய் மேல அதே வெர்ஷனை செலக்ட் பண்ணிட்டு டவுன்லோட் பேஜை திறங்க. எச்டிஎம்எல், வெறும் டெக்ஸ்ட், ஈபப்னு பல ஃபார்மட் இருக்கும், நீங்க எச்டிஎம்எல் ஜிப்பை எடுங்க. முன்னாடி பிடிஎஃப்பும் குடுத்தாங்க, எல்லாரும் பழக்கதோஷத்துல அதைத்தான் எடுப்பாங்க, ஆனா லைப்ரரி ரெஃபரன்ஸ் மட்டுமே 2000 பக்கத்துக்கு மேல, பழைய லேப்டாப்ல ஸ்க்ரோல் பண்ணவே அழுகை வரும். எச்டிஎம்எல்னா எந்த ஓஎஸ்-ல இருக்கற பிரவுசரும் திறக்கும். போன்ல படிக்கணும்னா மட்டும் ஈபப்.

ஸ்டெப் 2: ஜிப்பை கண்டிப்பா எக்ஸ்ட்ராக்ட் பண்ணுங்க. விண்டோஸ்ல டபுள் கிளிக் பண்ணாலே ஃபோல்டர் மாதிரி திறந்துக்கும், நாமளும் சந்தோஷமா இண்டெக்ஸ் ஃபைலை கிளிக் பண்ணுவோம், அது அந்த ஒரு ஃபைலை மட்டும் தனியா எடுத்து காட்டும், கலரும் இருக்காது எந்த லிங்க்கும் வேலை செய்யாது. ரைட் கிளிக், எக்ஸ்ட்ராக்ட் ஆல், அவ்ளோதான். லினக்ஸ்லயும் ரைட் கிளிக்தான், மேக்ல டபுள் கிளிக்கே போதும்.

ஸ்டெப் 3: இண்டெக்ஸ் ஃபைலை பிரவுசர்ல திறந்து புக்மார்க் பண்ணிக்கங்க. உள்ள இருக்கற சர்ச் பாக்ஸ் நெட் இல்லாமலே வேலை செய்யும், நான் ரொம்ப நாள் அதை சும்மா டிசைனுக்கு வச்சிருக்காங்கன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

சில மேனுவல் சிஎச்எம் ஃபைலா கிடைக்கும், வெப்சைட் பண்ற பிஎச்பி லாங்குவேஜுக்கு கூட இருக்கு. அது விண்டோஸுக்குன்னே மைக்ரோசாஃப்ட் பண்ண ஃபார்மட். நெட்ல இருந்து இறக்கி திறந்தா இடது பக்கம் தலைப்பெல்லாம் வரும், வலது பக்கம் வெள்ளையா கிடக்கும். ஃபைல் கெட்டுப்போச்சுன்னு டெலீட் பண்ணிராதீங்க, ரைட் கிளிக் பண்ணி ப்ராபர்ட்டீஸ்ல அன்பிளாக்குக்கு டிக் போட்டா சரியாயிடும்.

இப்ப சி படிக்கறவங்களுக்கு. லினக்ஸ், மேக் ரெண்டுலயும் மேனுவல் உள்ளயே இருக்கு, டெர்மினல்ல எம் ஏ என் (மேன்) மூணு எழுத்தை சின்ன எழுத்துல அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு கமாண்ட் பேரை போட்டா போதும். ஸ்பேஸ் பார் தட்டுனா அடுத்த பக்கம், ஸ்லாஷ் போட்டு வார்த்தை அடிச்சா தேடும், வெளிய வர க்யூ. இந்த க்யூ தெரியாம முதல் நாள் முழுக்க டெர்மினலையே மூடி மூடி திறந்தேன்.

பிரிண்ட்எஃப்னு தேடினா சி ஃபங்ஷன் வராது, அதே பேர்ல டெர்மினல்ல அடிக்கற ஒரு ஷெல் கமாண்ட் இருக்கறதால அதோட பக்கம்தான் வரும். 1-வது செக்ஷன் கமாண்டுக்கு, 2 சிஸ்டம் காலுக்கு (புரோகிராம் நேரா ஓஎஸ்கிட்ட வேலை கேக்கறது), 3 லைப்ரரி ஃபங்ஷனுக்கு, அதனால மேனுக்கும் பிரிண்ட்எஃப்புக்கும் நடுவுல 3 போடுங்க. உபுண்டு, டெபியன் மாதிரி லினக்ஸ்ல அப்பவும் வரலன்னா மேன்பேஜஸ்-டெவ் (manpages-dev)-ங்கற பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணணும்.

மேக்ல இருக்கறது பிஎஸ்டிங்கற பழைய யூனிக்ஸ் வழி கமாண்டுங்க, லினக்ஸ்ல பெரும்பாலும் குனுங்கற வேற ப்ராஜெக்ட் எழுதின கமாண்டுங்க. ரெண்டுக்கும் ஆப்ஷன் மாறும், லினக்ஸ் பக்கத்தை படிச்சுட்டு மேக்ல அப்படியே அடிச்சா பல சமயம் எரர்தான், அந்தந்த மெஷின்ல இருக்கற மேனுவலையே பாருங்க.

விண்டோஸ்ல மேன் கிடையாது, விண்டோஸுக்குள்ளயே லினக்ஸை ஓட்டற டபிள்யூஎஸ்எல் (WSL) போட்டு அதுக்குள்ள உபுண்டு ஏத்தினா எல்லாம் கிடைக்கும், ஆனா அதை ஏத்தறதுக்கு நெட் வேணும், கரண்ட் இருக்கும்போதே முடிச்சிருங்க.