பாப்பாவையும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள்

கைக்குழந்தை வந்த பிறகு மூத்த பிள்ளையின் காதில் நாள் முழுக்க விழுவது ஒரே பேச்சுதான்: "இரு, பாப்பாவைப் பார்த்துட்டு வரேன்." பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை தாய்ப்பால் குடிக்கும். அத்தனை முறையும் இரண்டு வயதுக்காரன்தான் பொறுத்துப் போக வேண்டும். கோபம் வராமல் இருக்குமா?

அப்பாக்களே, இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பாப்பா பசியில்லாமல் சமத்தாகப் படுத்திருக்கும்போது, பெரியவனுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லுங்கள்: "பாப்பா, கொஞ்சம் இரு. அண்ணனுக்குச் செருப்பு மாட்டிட்டு வரேன்." பாப்பாவுக்கு ஒன்றும் புரியாது, பரவாயில்லை. அதுவரை உதறிக்கொண்டிருந்த கால் தானாகச் செருப்புக்குள் நுழையும்.

டயபரைத் தரையில் பாய் விரித்தே மாற்றுங்கள். பெரியவனைத் துரத்த எழுந்தாலும் பாப்பா உருண்டு விழாது. ஆனால் இருவரையும் தனியாக விட்டு அடுத்த அறைக்குப் போகவே வேண்டாம். கொஞ்சுகிறேன் என்று அமுக்கிவிடுவான். ஈரத்துணி எடுத்துத் தரும் வேலையை அவனுக்கே கொடுக்கலாம். பாதிப் பாக்கெட்டை உருவிவிடுவான்தான், சரி, போகட்டும்.

அப்புறம், பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் எடுக்கிற மாதிரி நாலைந்து பொம்மைகளைத் தனியாக ஒளித்து வையுங்கள். மற்ற நேரத்தில் கண்ணில் படாததால் மவுசு குறையாது.