அலுமினிய ஷீட்டும் எஸ்.எஸ். ஃபிரேமும்: ரிவெட் அடிக்கும் முன் பெயின்ட் எதற்கு?

முதன்முதலில் ஒரு பம்ப் மூடி செய்தபோது எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஃபிரேமை வெறுமனே விட்டுவிட்டு அலுமினிய ஷீட்டுக்கு மட்டும் பெயின்ட் அடித்தேன். அரிக்கப்போவது அலுமினியம்தானே, அதைக் காப்போம் என்ற கணக்கு. இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. ரிவெட் தலையைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளித்திருந்தது. நகத்தால் கீறினால் உள்ளே ஈரமான வெள்ளைப் பொடி. எஸ்.எஸ். ரிவெட் புதிதாகவே இருந்தது. அதைப் பிடித்து நிற்க அலுமினியம்தான் இல்லை.

இரண்டு உலோகம் தொட்டு, நடுவில் ஈரமும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி. பெரிய எஸ்.எஸ். பரப்பு முழுவதும் இழுக்கும் மின்னோட்டத்துக்கு, அலுமினியப் பெயின்டில் விழுந்த ஒரு சின்னக் கீறல் மட்டுமே ஈடு கொடுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் அரிப்பு அந்த இடத்திலேயே ஆழமாக இறங்கியது. ஆகவே இரண்டுக்கும் பெயின்ட் போடுங்கள். ஒன்றுக்குத்தான் முடியும் என்றால் எஸ்.எஸ்.ஸுக்குப் போடுங்கள். வழவழப்பான எஸ்.எஸ்.ஸில் பெயின்ட் நிற்காது. எமரியால் தேய்த்து, எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு) கொடுத்த பிறகே அடிக்க வேண்டும். அலுமினிய ரிவெட்டை எஸ்.எஸ். ஷீட்டில் அடிக்கவே வேண்டாம். அங்கே ரிவெட்டே அந்தச் சின்னக் கீறலின் நிலையில் இருக்கும்.

துளை முதலில், பூச்சு பிறகு. பூசிய ஷீட்டில் துளைத்தால் ஓரம் வெறும் உலோகமாகிவிடும், பிசிறு பெயின்டைக் கிழிக்கும். பிசிறை இருபுறமும் எடுத்துவிடுங்கள். 4.8 மி.மீ. ரிவெட்டுக்கு 4.9 துளை போதும். ஆனால் பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு) 60 முதல் 80 மைக்ரான் வரை ஏறும். துளையின் உள்சுவரிலும் அது படிந்தால் விட்டம் 0.12 முதல் 0.16 மி.மீ. வரை குறையும். அதனால் 5.1 பிட் போடுவேன்.

இன்னொன்று: பவுடர் கோட்டிங் ரிவெட் தலையின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கும், பிடி தளரும். ஷீட்டும் ஃபிரேமும் ஒட்டும் முகங்களை டேப் ஒட்டி மறைத்து, அங்கே மெல்லிய பிரைமர் மட்டும் விடுகிறேன். இரண்டையும் இருமுகமும் கோட் செய்தே ஆகவேண்டுமென்றால், நான்கு அடுக்குக்கும் சேர்த்து 0.24 முதல் 0.32 மி.மீ. வரை வரும். ரிவெட் நீளம் எடுக்கும்போது அதையும் கூட்டுங்கள்.

அனோடைசிங் (அலுமினியத்தின் மேல் மின்சாரம் மூலம் வளர்க்கும் ஆக்சைடு) படலம் மின்சாரத்தைக் கடத்தாது, உண்மைதான். ஆனால் ரிவெட் விரியும் இடத்தில் அது வெடிக்கும். அதை மட்டும் நம்பாதீர்கள். ஃபிரேம் ஜி.ஐ.யாக (துத்தநாகம் பூசிய இரும்பு) இருந்தால் அலுமினியத்துக்கு அவ்வளவு ஆபத்தில்லை. துத்தநாகம் தீரும்வரை அதுதான் முதலில் கரையும்.

எந்தப் பூச்சு போட்டாலும் ரிவெட்டின் உடல் இரண்டு உலோகத்தையும் இணைத்துவிடும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் பீப் அடிக்கும். ஆகவே தண்ணீரை உள்ளே விடாததுதான் முக்கியமான வேலை. ஒட்டும் முகங்களில் பாலிசல்பைடு சீலன்ட் தடவி, ரிவெட்டையும் அதில் தோய்த்து, காயும் முன்பே அடித்துவிடுங்கள். தலையைச் சுற்றி சீலன்ட் அறுபடாத வளையமாகப் பிதுங்கி வர வேண்டும். ஒரு பக்கம் வரவில்லையென்றால் அங்கே இடைவெளி இருக்கிறது. அந்த ரிவெட்டை எடுத்துவிட்டு மறுபடி அடிப்பேன். பாப் ரிவெட் (நடுவிலுள்ள ஆணியை இழுத்து முறித்து அடிக்கும் வகை) என்றால், ஆணி முறிந்த குழியில் ஒரு சொட்டு சீலன்ட் வைத்து மூடிவிடுங்கள்.