இணையக் குழுவில் எதைத் திறந்து வைப்பது, எதற்குக் கட்டணம் வாங்குவது?

இணையத்தில் குழு நடத்துகிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும். மாடித்தோட்டக் குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 50 பேரோடு ஆரம்பித்தது, இப்போது 800 பேர். ராத்திரி 11 மணிக்கும் யாராவது செம்பருத்தி இலையைப் படம் பிடித்து அனுப்பி, "வெள்ளையா ஒட்டிக்கிட்டு இருக்கே, என்ன செய்யறது?" என்று கேட்கிறார்கள். நடத்துகிறவர் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போகிறார். கட்டணம் வைக்கலாமா என்று யோசிக்கிறார். வைத்தால் புதியவர்கள் வராமல் போய்விடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.

இரண்டையும் சேர்த்தே நடத்த முடியும். அதற்கான வழியை முதல் தடவை செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன். தோட்டம், சமையல், தேர்வுத் தயாரிப்பு என்று எந்தக் குழுவுக்கும் இது பொருந்தும்.

படி 1: செலவையும் நேரத்தையும் எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்தி. ஒன்றில் பணம்: இணையதள வாடகை, ஜூம் சந்தா, நிபுணரை அழைத்தால் அவருக்குக் கொடுப்பது. மற்றதில் ஒரு வாரத்தில் நீங்கள் செலவழிக்கும் மணி நேரம், எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்து. இந்தத் தாள் இல்லாமல் கட்டணத்தை முடிவு செய்யாதீர்கள். அடுத்த குழுவில் 199 ரூபாய் வாங்குகிறார்கள் என்பது உங்களுக்கு ஒரு காரணமே இல்லை.

படி 2: எது யாருடையது என்று பிரியுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். குழுவில் சேர்ந்து கிடப்பதை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, உறுப்பினர்கள் தாங்களாகவே எழுதியது. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசலை எப்படிக் கலப்பது என்று யாரோ ஒருவர் பொறுமையாக விளக்கியிருப்பார். அதை அவர் இலவசமாகக் கொடுத்தார். அதைப் பூட்டி வைத்து விற்க உங்களுக்கு உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து. எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற கணினிக் கேள்வி-பதில் தளம் 1996இல் தொடங்கியது. அங்கே பதில் எழுதியவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். பின்னாளில் அந்தப் பதில்களைப் பார்க்கச் சந்தா கேட்டார்கள். நிரல் எழுதுகிறவர்களிடையே அது பெரிய எரிச்சலை உண்டாக்கியது. 2008இல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இரண்டு நிரலாளர்கள் அதே மாதிரியான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தைத் தொடங்கியபோது, எல்லாப் பதில்களையும் யாரும் படிக்கலாம், கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பகிர்வு உரிமத்தின்படி எடுத்தாளவும் செய்யலாம் என்று வைத்தார்கள். கூட்டம் அங்கே போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது, புதியவருக்கு அவசியமான அடிப்படை. மண் கலவை, விதைக்கும் பருவம், தண்ணீர் விடும் அளவு. இதை நீங்களே எழுதியிருந்தாலும் திறந்தே வையுங்கள். இதைப் படித்துத்தான் நாளைய உறுப்பினர் உள்ளே வருகிறார். இன்னொன்றும் உண்டு: இணையத்தில் தமிழ் வளர்ந்ததே கொடையால்தான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதலான தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து எல்லோருக்கும் இலவசமாக வைத்தார்கள். நம் மொழியில் ஒரு விஷயத்தைத் தேடி வருகிறவருக்கு அடிப்படையாவது கைக்குக் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, உங்கள் நேரத்தைத் தின்பவை. ஒருவருடைய தோட்டத்தைத் தனியாகப் பார்த்து ஆலோசனை சொல்வது, மாதந்தோறும் நேரலை வகுப்பு, ஆடிப்பட்டத்துக்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனித் திட்டம் போட்டுக் கொடுப்பது. கட்டணம் இங்கேதான் வர வேண்டும். ஒருவருக்குச் செய்தால் இன்னொருவருக்குச் செய்ய முடியாத வேலைக்குக் காசு கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

படி 3: உங்களுக்கு ஏற்ற முறையைத் தேர்ந்தெடுங்கள்

ஏற்கெனவே பல ஆண்டுகள் நின்று காட்டிய முறைகள் உள்ளன.

லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைப் பற்றிய செய்திகளை எழுதும் எல்டபிள்யூஎன் தளம் 2002 முதல் காலத்தை வைத்துப் பிரிக்கிறது. வார இதழ் முதலில் சந்தாதாரர்களுக்கு. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து எல்லோருக்கும் திறந்துவிடும். எதுவும் நிரந்தரமாகப் பூட்டப்படுவதில்லை. சந்தாதாரர் ஒரு கட்டுரையை நண்பருக்கு அனுப்பிப் படிக்க வைக்கவும் முடியும். கட்டணம் கட்டியவர் மூலமாகவே வெளியாட்கள் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

லிசெஸ் என்ற சதுரங்கத் தளத்தில் எல்லா வசதியும் எல்லோருக்கும் இலவசம், விளம்பரமும் கிடையாது. நன்கொடை கொடுப்பவருக்குக் கிடைப்பது பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இறக்கைச் சின்னம் மட்டும். அதிலேயே தளம் நடக்கிறது. ஆனால் உலகம் முழுக்கப் பயனர்கள் இருப்பதால் சாத்தியமாகும் முறை இது. 800 பேர் குழுவுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

மெட்டாஃபில்டர் என்ற கலந்துரையாடல் தளம் 2004இல் புதிய உறுப்பினர்களுக்கு ஒரே ஒரு முறை 5 டாலர் என்று வைத்தது. படிப்பது எப்போதும் இலவசம். எழுதுவதற்கு மட்டும் கட்டணம். விளம்பரம் கொட்டுகிறவர்களைத் தடுக்க இது நன்றாக உதவும். மாதாமாதம் செலவைச் சமாளிக்க உதவாது.

சின்னக் குழு என்றால் என் பரிந்துரை இது: பேச்சும் பழைய பதில்களும் முழுக்கத் திறந்திருக்கட்டும். நேரலை வகுப்பும் தனி ஆலோசனையும் கட்டணத்துக்கு. வகுப்பின் காணொளிப் பதிவு மட்டும் ஒரு மாதம் கழித்து எல்லோருக்கும்.

படி 4: விலை

பணம் கட்டப்போவது சிறு பங்குதான் என்று முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விக்கிப்பீடியாவின் நன்கொடை வேண்டுகோள்களிலேயே வாசகர்களில் 2 சதவீதம் பேர்தான் கொடுக்கிறார்கள் என்று எழுதுவார்கள். நம் கணக்குக்கு 3 சதவீதம் என்று வைப்போம். 800 பேரில் 24 பேர். மாதம் 150 ரூபாய் என்றால் 3,600 ரூபாய். படி 1இல் எழுதிய செலவு இதற்குள் அடங்குகிறதா? அடங்காவிட்டால் விலையை ஏற்றுவதற்கு முன்னால் வேலையைக் குறைக்கப் பாருங்கள். மாதம் நான்கு வகுப்பு என்பதை இரண்டாக்கலாம். ஆண்டுக் கட்டணமாக 1,500 ரூபாய் என்றும் ஒரு வழி வையுங்கள். மாதாமாதம் நினைவூட்டும் வேலை மிச்சம்.

படி 5: பணம் வாங்கும் வழி

ஆரம்பத்தில் 20, 30 பேர் வரை யூபிஐ போதும். யார் எப்போது கட்டினார் என்று ஒரு எக்செல் தாளில் குறித்து வையுங்கள். அதற்கு மேல் போனால் கட்டண நுழைவாயில் நிறுவனம், அதாவது இணையத்தில் உங்களுக்காகப் பணம் வசூலித்துக் கொடுக்கும் நிறுவனம், தேவைப்படும். வழக்கமாக 2 சதவீதம் அளவுக்குக் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். 150 ரூபாயில் 3 ரூபாய் 54 காசு போகும். யூபிஐ ஆட்டோபே வைத்தால் மாதாமாதம் தானாக வரும். உறுப்பினர் நினைத்தபோது தன் செயலியிலேயே நிறுத்திக்கொள்ளலாம். யூடியூபின் உறுப்பினர் வசதி வழியாக வாங்கினால் உங்களுக்கு வருவது 70 சதவீதம்தான், அதையும் கணக்கில் சேருங்கள். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அந்த நிலை வரும்போது ஒரு கணக்காளரைப் பாருங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. அதனால் திறந்த குழுவை டெலிகிராமில் வைத்துக்கொண்டு, கட்டண உறுப்பினர்களுக்கு மட்டும் தனி வாட்ஸ்அப் குழு வைப்பது வசதி.

படி 6: கட்ட முடியாதவர்களுக்கு இடம்

10 இடங்களில் ஒன்றையாவது இலவசமாக ஒதுக்குங்கள். சான்றிதழ் எதுவும் கேட்காதீர்கள். "வேண்டும் என்றால் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள்" என்றால் போதும். யார் அப்படி வந்தார்கள் என்பது உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியக்கூடாது. இன்னொருவருக்கும் சேர்த்துக் கட்ட விரும்புகிறவர்கள் எந்தக் குழுவிலும் ஓரிருவர் இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு வழி வையுங்கள்.

படி 7: அறிவிப்பு

தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். சுற்றி வளைக்காமல் இப்படி எழுதலாம்:

"நம் குழு எப்போதும்போல் எல்லோருக்கும் திறந்தே இருக்கும். இதுவரை எழுதிய எதுவும் பூட்டப்படாது. அடுத்த மாதம் முதல் நேரலை வகுப்புக்கும் தனி ஆலோசனைக்கும் மாதம் 150 ரூபாய். இந்தப் பணம் ஜூம் சந்தாவுக்கும், வரும் நிபுணருக்கும், என் நேரத்துக்கும். கட்ட முடியாதவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள்."

"என் நேரத்துக்கும்" என்பதை விட்டுவிடாதீர்கள். பலர் கூச்சப்பட்டு அதை மறைக்கிறார்கள். அப்புறம் பணம் எங்கே போகிறது என்ற பேச்சு கிளம்புகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவை உறுப்பினர்களுக்குக் காட்டுங்கள்.

படி 8: திறந்த பக்கத்தைக் கவனியுங்கள்

கட்டணக் குழு தொடங்கியதும் நன்றாகப் பதில் சொல்கிற பத்துப் பேரும் அங்கே போய்விடுவார்கள். திறந்த குழுவில் கேள்விகள் மட்டும் அனாதையாக நிற்கும். அதனால் வாரம் ஒரு முறை, திறந்த குழுவில் ஒரு நாளைக்கு மேல் பதில் இல்லாமல் கிடக்கும் கேள்விகளை எண்ணுங்கள். எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் புதிதாகக் கட்டண உறுப்பினர் சேர்ப்பதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். கட்டணக் குழுவில் பொதுவான கேள்வி வந்தால், "இதைத் திறந்த குழுவில் கேளுங்கள், அங்கேயே பதில் சொல்கிறேன்" என்று அங்கே அனுப்புங்கள். நீங்களும் தினமும் அரை மணி நேரம் திறந்த குழுவில் இருங்கள். அந்த அரை மணி நேரத்தையும் படி 1இல் உள்ள தாளில் சேர்த்து எழுதிவிடுங்கள்.