சம்பளப் பேச்சு: தொகையை எப்போது, எப்படிச் சொல்வது

"எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்ற கேள்வி பெரும்பாலும் முதல் போன் அழைப்பிலேயே வந்துவிடும். அப்போது உங்கள் பெயர் பட்டியலில் பத்தோடு பதினொன்று. உங்களைத்தான் எடுப்பது என்று முடிவு செய்து ஆஃபர் கொடுத்த பிறகு, நீங்கள் இன்னும் சம்மதம் சொல்லாத அந்த இரண்டு மூன்று நாள்தான் உங்கள் கை ஓங்கியிருக்கும் நேரம். பேரத்தை அதுவரை தள்ளிப்போடுவதே பாதி வேலை.

போகும் முன் மூன்று தொகைகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இதற்குக் கீழே போனால் வேண்டாம் என்பது, கிடைத்தால் திருப்தி என்பது, வாய்திறந்து கேட்கப்போவது. இப்போது மாதம் 60,000 வாங்குபவருக்கு இவை 68,000, 75,000, 80,000 என்று இருக்கலாம். கேட்கும் தொகை திருப்தியான தொகையைவிட 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக இருந்தால் இறங்கி வர இடமிருக்கும். இவற்றை ஊகத்தில் போடாதீர்கள். அதே அனுபவத்தில், அதே வேலையில் இருக்கும் மூன்று பேரிடமாவது விசாரியுங்கள்; சம்பள வரம்பு போட்டு வரும் வேலை விளம்பரங்களையும் பாருங்கள்.

முதல் அழைப்பில் கேட்டால், "வேலையின் பொறுப்புகளை முழுதாகத் தெரிந்துகொண்டு சொல்கிறேன். இந்தப் பதவிக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் வரம்பு என்ன?" என்று திருப்பிக் கேளுங்கள். பலர் சொல்லிவிடுவார்கள். விடாமல் கேட்டால் தொகையைச் சொல்லத்தான் வேண்டும். "70லிருந்து 80 வரை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எதிரில் இருப்பவர் காதில் 70தான் விழும். "80,000" என்று ஒரே தொகையாகச் சொல்லுங்கள். முதலில் விழும் எண்ணைச் சுற்றியே பிறகு மனம் கணக்குப் போடும் என்பதை உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974லேயே விளக்கியிருக்கிறார்கள். சந்தை நிலவரம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தால் நீங்களே முந்திக்கொள்வதுகூட நல்லதுதான். தெரியாவிட்டால் அவர்களைச் சொல்ல விடுங்கள்.

சொன்னதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். இது எளிதாகத் தோன்றும், ஆனால் பல பேரங்கள் இங்கேதான் கெடுகின்றன. எதிரில் இருப்பவர் ஐந்து விநாடி பேசாமல் குறிப்பெடுத்தால் போதும், பதற்றத்தில் "கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை" என்று நாமே இறங்கிவிடுகிறோம். அந்த மௌனத்துக்கு அர்த்தம் மறுப்பு என்று யாரும் சொல்லவில்லை.

தற்போதைய சம்பளத்தைக் கேட்டால் கூட்டிச் சொல்லாதீர்கள். சம்பளச் சீட்டு கேட்பார்கள். பொய் என்று தெரிந்தால் ஆஃபரே போய்விடும். சொல்ல விருப்பமில்லை என்றால், "அந்த வேலையும் இதுவும் ஒன்றல்ல, இந்தப் பொறுப்புக்கான மதிப்பை வைத்துப் பேசலாம்" என்று நயமாக நகர்த்தலாம். முந்தைய சம்பளத்தைக் கேட்பதையே தடை செய்த இடங்களும் உண்டு. கலிபோர்னியாவில் 2018லிருந்து தனியார் நிறுவனங்களும் கேட்கக் கூடாது.

ஆஃபர் வந்ததும் போனிலேயே சம்மதம் சொல்ல வேண்டாம். "மகிழ்ச்சி, விவரங்களை மெயிலில் அனுப்புங்கள், இரண்டு நாளில் சொல்கிறேன்" என்பது போதும். வந்த தாளைப் பிரித்துப் பாருங்கள். பேக்கேஜ் ஆண்டுக்கு 12,00,000 என்றால் மாதம் ஒரு லட்சம் என்று மனம் கணக்குப் போடும். அதில் 15 சதவீதம், அதாவது 1,80,000, இலக்கை எட்டினால்தான் வரும் வேரியபிள் தொகை. காப்பீட்டுக்கும் ஓய்வூதிய நிதிக்கும் நிறுவனம் கட்டும் 90,000மும் அதற்குள்ளேயே இருக்கிறது என்று வையுங்கள். மிச்சம் 9,30,000. மாதத்துக்கு 77,500, அதுவும் வரிக்கு முன்னால். எந்தத் தொகையை வைத்துப் பேசுகிறீர்கள் என்பதை இரு பக்கமும் ஒன்றாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கூட்டிக் கேட்கும்போது காரணம் வேலையைச் சார்ந்து இருக்கட்டும். வீட்டு வாடகை, கடன், குழந்தைப் படிப்பு எல்லாம் உண்மைதான், ஆனால் மேலிடத்தில் ஒப்புதல் வாங்கப்போகும் ஹெச்.ஆர். அதை வைத்து வாதாட முடியாது. "ஒரு குழுவை நடத்தியிருக்கிறேன், மாதக் கணக்கு முடிக்கும் நாள்களை ஒன்பதிலிருந்து ஐந்தாகக் குறைத்தேன், அதனால் 80,000 கேட்கிறேன்" என்றால் அவரால் அப்படியே மேலே எடுத்துச் செல்ல முடியும். கேட்பதையெல்லாம் ஒரே தடவையில் கேளுங்கள். சம்பளம் முடிந்ததும் விடுப்பு, விடுப்பு முடிந்ததும் வீட்டிலிருந்து வேலை என்று ஒவ்வொன்றாக நீட்டினால் எரிச்சல்தான் மிஞ்சும். இல்லாத வேறு ஆஃபரை இருப்பதாகச் சொல்லவே கூடாது. "அப்படியானால் அங்கேயே சேருங்கள்" என்று சொல்லிவிட்டால் பதில் இருக்காது.

அடிப்படைச் சம்பளத்துக்காகவே அதிகம் முயலுங்கள், ஏனென்றால் உயர்வு அதன் மேல்தான் விழும். 50,000லும் 55,000லும் சேர்ந்த இருவருக்கும் ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்வு என்றால், ஐந்து ஆண்டில் வித்தியாசம் 3,38,000ஐத் தாண்டும். அடிப்படைச் சம்பளத்தில் இடமே இல்லை என்றால், சேரும்போது ஒரு தடவை தரும் ஜாயினிங் போனஸ் கேட்கலாம். ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டுமா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"சேருங்கள், ஆறு மாதத்தில் பார்த்துச் செய்கிறோம்" என்றால், எந்த மாதம், எவ்வளவு, எதை வைத்து என்று ஆஃபர் லெட்டரில் எழுதித் தரக் கேளுங்கள். வாய்வார்த்தை சொன்னவரே ஆறு மாதத்தில் வேறு இடத்துக்குப் போயிருக்கலாம். திருத்திய கடிதம் கைக்கு வந்த பிறகுதான் பழைய வேலையில் ராஜினாமா கொடுக்க வேண்டும்.