ஜிபி இரண்டாம் தாள்: வீட்டிலேயே பயிற்சி செய்யும் முறை

சிங்கப்பூரின் ஏ-லெவல் தேர்வில் ஜிபி (ஜெனரல் பேப்பர், பொதுத்தாள்) இரண்டாம் தாளில் மதிப்பெண் குறைந்தால் வீட்டில் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "நிறைய இங்கிலீஷ் படி." தப்பில்லை, படிக்கத்தான் வேண்டும். ஆனால் ஈசூனில் என் வீட்டு மேசையில் வந்து உட்காரும் ஜேசி (தொடக்கக் கல்லூரி) பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே நிறையப் படிப்பவர்கள். ஒரு கட்டுரையைக் கொடுத்து, இதில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் அழகாகச் சொல்வார்கள். அதே பிள்ளை கேள்விகளுக்கு எழுதும்போது பாதி மதிப்பெண்கூட வருவதில்லை. கட்டுரை புரிகிறது, கேள்வி என்ன கேட்கிறது என்பது பிடிபடுவதில்லை. இதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். அதை வீட்டிலேயே, அதிகச் செலவில்லாமல் செய்யலாம்.

முதலில் தாளைப் பற்றிச் சுருக்கமாக. ஜிபி ஹெச்1 பாடம், அதாவது ஹெச்2 பாடத்தில் பாதி அளவுள்ளது. இப்போதுள்ள பாடத்திட்டத்தின் எண் 8881. 2024 முதல் நடப்பில் இருக்கிறது. முதல் தாள் கட்டுரை, இரண்டாம் தாள் காம்ப்ரிஹென்ஷன், அதாவது படித்துப் புரிந்து விடை எழுதுவது. இரண்டுக்கும் தலா ஒன்றரை மணி நேரம், தலா 50 மதிப்பெண். இரண்டாம் தாளின் 50இல் 35 விடையின் உள்ளடக்கத்துக்கு, 15 மொழிக்கு. ஒரே பொருளைச் சுற்றி மூன்று பகுதிகள் தருவார்கள். குறுவினாக்கள் வரும், 120 சொல்லுக்குள் ஒரு சுருக்கம் வரும், பிறகு பிள்ளைகள் ஏக்யூ (அப்ளிகேஷன் க்வெஸ்சன்) என்று சொல்லும், ஆசிரியர்களின் கருத்தை நம் சமூகத்தோடு பொருத்திப் பார்க்கும் பெரிய கேள்வி வரும். 2026 சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழகப் புள்ளிகளின் மொத்தம் 90இலிருந்து 70 ஆகிவிட்டது: மூன்று ஹெச்2 பாடங்களுக்குத் தலா 20, ஜிபிக்கு 10. மொத்தம் சுருங்கியும் ஜிபியின் 10 அப்படியே இருக்கிறது. முன்பைவிட இப்போது அது கனமான பாடம். கெமிஸ்ட்ரிக்கும் கணக்குக்கும் துணைப்பாட வகுப்பு வைத்துவிட்டு, ஜிபி தானாக வந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள்.

பயிற்சியின் முதல் சில வாரங்களுக்குக் கடிகாரம் வேண்டாம், முழுத் தாளும் வேண்டாம். ஒரு கருத்துக் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழின் கருத்துப் பக்கத்திலிருந்து எடுக்கலாம், சிஎன்ஏ செய்தி இணையத்தளத்தின் கமெண்டரி பகுதியிலிருந்தும் எடுக்கலாம். நூலக உறுப்பினராக இருந்தால் தேசிய நூலக வாரியத்தின் வழியாக பிரஸ்ரீடர் செயலியில் உலகப் பத்திரிகைகளைக் காசில்லாமல் படிக்கலாம். கட்டுரையை அச்செடுத்துக்கொள்வது நல்லது. திரையில் கோடு போட்டால் கை வேகமாக ஓடிவிடுகிறது, கண் நிற்பதில்லை. ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும், அந்தப் பத்தி என்ன வேலை செய்கிறது என்று இரண்டு மூன்று சொல்லில் எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் சரி. "எதிர்த்தரப்பை ஒப்புக்கொள்கிறார்", "இங்கே மறுக்கிறார்", "உதாரணம் மட்டும்", "பயமுறுத்துகிறார்". என்ன சொல்கிறார் என்று எழுத வேண்டாம், எதற்காகச் சொல்கிறார் என்று எழுத வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட வழுக்கும் இடம் இது. நல்ல எழுத்தாளர் தனக்குப் பிடிக்காத கருத்தை முதலில் மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் வெட்டுவார். "டு பி ஷ்யூர்", "அட்மிட்டெட்லி", "இட் இஸ் ட்ரூ தட்" என்று ஒரு வாக்கியம் தொடங்கினால், அடுத்த வாக்கியத்திலோ அதற்கடுத்ததிலோ ஒரு "பட்", ஒரு "யெட்", ஒரு "ஹவெவர்" காத்திருக்கும். அதற்கு முன்னால் இருப்பது அவர் விட்டுக்கொடுத்தது, பின்னால் இருப்பதுதான் அவருடைய கருத்து. முன்னால் இருப்பதை எடுத்து ஆசிரியரின் கருத்து என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்வி போயிற்று. அதே நம்பிக்கையில் ஏக்யூவிலும் அவரோடு சண்டை போட்டு எழுதியிருந்தால் அதுவும் போயிற்று. இந்தத் திருப்பச் சொற்களைச் சுற்றி வட்டம் போடும் பழக்கம் கைக்கு வரும்வரை வேறெதையும் தொட வேண்டாம்.

அப்புறம் குறுவினா. என் பிள்ளைகளுக்காக நானே சின்னச் சின்னப் பத்திகள் எழுதிவைத்திருக்கிறேன். அதில் ஒன்று நம் உணவங்காடிகளை (ஹாக்கர் சென்டர்) பற்றியது. 2020 டிசம்பரில் அந்தக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது எழுதியது. இங்கிலீஷில் உள்ளதன் சாரம் இது:

"உணவங்காடி நம் பாரம்பரியம் என்பதில் இந்நாட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வெளிநாட்டிலிருந்து விருந்தினர் வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போகிறோம். ஒரு தட்டு மீ கோரெங் ஐம்பது காசு ஏறியதும் அந்தப் பாரம்பரியத்தின் மேல் நாம் வைத்த பக்தி காணாமல் போய்விடுகிறது."

கேள்வி: இங்கே ஆசிரியர் காணும் முரண்பாட்டை உங்கள் சொந்தச் சொற்களில் விளக்குங்கள். இரண்டு மதிப்பெண்.

ஒரு பையன் எழுதினான்: வாடகையும் பொருள்களின் விலையும் ஏறியதால் கடைக்காரர்கள் விலையை ஏற்ற வேண்டியிருக்கிறது. உண்மைதான். அவனுடைய மாமா கடை வைத்திருக்கிறார், அவனுக்குத் தெரியாததா? ஆனால் பத்தியில் அது இல்லை, கேள்வியும் அதைக் கேட்கவில்லை. பூஜ்யம். இன்னொரு பிள்ளை, விலை ஏறுவது மக்களுக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினாள். ஒரு மதிப்பெண், ஏனென்றால் முரண்பாட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு, அவள் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிட்டாள். மூன்றாவது விடையில் இரண்டு பக்கமும் இருந்தது, ஆனால் பத்தியின் சொற்களே வரிசையாக இருந்தன. சொந்தச் சொற்களில் என்று கேட்ட கேள்விக்கு அது செல்லாது. முழு மதிப்பெண் விடை இப்படி இருக்கும்: உணவங்காடியை நாட்டின் அடையாளமாக மக்கள் பெருமையோடு காட்டிக்கொள்கிறார்கள், அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கச் சொன்னால் மனம் வருவதில்லை. இரண்டு மதிப்பெண், இரண்டு பக்கம், நடுவில் ஒரு "ஆனால்" இருக்கிற தொனி. அவ்வளவுதான்.

அதே பத்தியில் இரண்டாவது கேள்வி ஒன்று கேட்பேன்: ஆசிரியர் "பக்தி" என்ற சொல்லை ஏன் பயன்படுத்துகிறார்? இந்த வகைக் கேள்விக்கு மூன்று அடி வைக்க வேண்டும். பொதுவாக அந்தச் சொல் எதைக் குறிக்கும்: எது நடந்தாலும் அசையாத பற்று. இங்கே அதை எதன்மேல் போட்டிருக்கிறார்: ஐம்பது காசுக்கு ஓடிப்போகிற ஒன்றின்மேல். அதனால் என்ன சொல்ல வருகிறார்: அந்தப் பற்று வெறும் வாய்ப்பேச்சு என்று இடித்துக்காட்டுகிறார். பிள்ளைகள் முதல் அடியோடு நின்றுவிடுகிறார்கள், அல்லது நேரே மூன்றாவதுக்குத் தாவுகிறார்கள். மூன்றையும் எழுதினால்தான் விடை நிற்கும்.

சொந்தச் சொல்லில் எழுதுவது பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கஷ்டம். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வேறு சொல் தேடுவதுதான் காரணம். அப்படிச் செய்தால் வாக்கியம் ஒட்டுப்போட்டதுபோல் வரும், பொருளும் நழுவும். நான் சொல்லும் வழி இது: வாக்கியத்தைப் படியுங்கள், தாளைக் கவிழ்த்து வையுங்கள், அதில் இருப்பதை வீட்டில் யாரிடமாவது தமிழில் சொல்லுங்கள். பாட்டி இருந்தால் பாட்டியிடம். பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியவில்லை என்றால் உங்களுக்கே இன்னும் புரியவில்லை, திரும்பப் படியுங்கள். சொல்லி முடித்ததும், அச்சுத் தாளைப் பார்க்காமல் இங்கிலீஷில் எழுதுங்கள். மூல வாக்கியத்தின் சொற்கள் அதற்குள் மனத்தை விட்டுப் போயிருக்கும், கருத்து மட்டும் தங்கியிருக்கும். வீட்டில் தமிழ் பேசுவதால் இங்கிலீஷ் கெட்டுவிடும் என்று கவலைப்படும் பெற்றோருக்கு இதைத்தான் சொல்கிறேன்: இந்தத் தாளில் தமிழ் பேசும் பிள்ளைக்கு ஒரு கருவி கூடுதலாகக் கையில் இருக்கிறது. தேர்வு அறையில் பாட்டி இருக்க மாட்டார். ஆனால் சில மாதம் இப்படிப் பழகியவர்களுக்கு மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பதே போதும்.

சுருக்கத்துக்கு 8 மதிப்பெண். கேள்வியைப் படித்து எந்தப் பகுதியில், எதைப் பற்றி என்று முதலில் வரையறுத்துக்கொள்ளுங்கள். "காரணங்கள்" என்று கேட்டிருந்தால் விளைவுகளை எடுக்கக் கூடாது, உதாரணங்களையும் விட்டுவிடலாம். பக்கத்தை இரண்டாக மடித்து, இடப்பக்கம் மூலக் கருத்து, வலப்பக்கம் உங்கள் வடிவம் என்று எழுதிப் பழகுங்கள். தாளில் அச்சிட்டுத் தரும் தொடக்கச் சொற்கள் 120இல் சேராது. 120க்கு மேல் எழுதியதை யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்தே எழுதுங்கள்.

ஏக்யூவில் ஆசிரியர்களின் கருத்து உங்கள் சமூகத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்று கேட்பார்கள். இங்கே பிள்ளைகள் சிங்கப்பூர்ச் செய்திகளைக் கொண்டுவந்து கொட்டிவிடுகிறார்கள்: வீவக வீடுகள், சிபிஎஃப் சேமநிதி, இரட்டைமொழிக் கொள்கை. கொள்கையின் பெயரைச் சொல்வது விளக்கம் ஆகாது. மொழிகள் அழிவதைப் பற்றி ஒரு பகுதி வந்திருக்கிறது, ஆசிரியர் இளைஞர்களின் அலட்சியமே காரணம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்று வந்தது; 2010இல் அது 32.3. இந்த எண்ணோடு நின்றுவிட்டால் பயனில்லை. பள்ளியில் தாய்மொழியைத் தவிர எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில், வேலையும் ஆங்கிலத்தில் என்று இருக்கும்போது, வீட்டு மொழி மாறுவதை அலட்சியம் என்று மட்டும் சொல்ல முடியுமா? ஏப்ரலில் நடக்கும் தமிழ் மொழி விழாவுக்கு வந்து மேடை ஏறும் இளைஞர்களை ஆசிரியரின் வாதம் எங்கே வைக்கும்? இப்படி ஆசிரியரின் வரியோடு மோதவிட்டால்தான் அது விடை. தமிழ் வீட்டில் வளர்ந்த பிள்ளையிடம் இப்படிச் சொல்ல எத்தனையோ விஷயம் இருக்கிறது. அதையெல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டு, எல்லாரும் எழுதுவதையே எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இனி, பயிற்சியிலேயே முக்கியமானது: திருத்தம். ஒரு தாள் செய்ய ஒன்றரை மணி ஆனால், அதைத் திருத்த இரண்டு மணி ஆக வேண்டும். பாப்புலர் புத்தகக்கடையிலோ பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் கடைகளிலோ பழைய தாள்களின் தொகுப்பு கிடைக்கும். அதில் விடை இருந்தால் அது வெளியீட்டாளர் எழுதியது, தேர்வுக் கழகத்தின் விடை அல்ல. அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். 2024க்கு முந்தைய தாள்கள் பழைய பாடத்திட்டத்தின்படி அமைந்தவை. குறுவினாவுக்கும் சுருக்கத்துக்கும் அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

திருத்தத்துக்குத் தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு வரி. "தப்பு" என்று எழுதக் கூடாது, எந்த வகைத் தப்பு என்று எழுத வேண்டும்: கேள்வியைப் பாதி படித்தேன், பத்தியில் இல்லாததை என் அறிவிலிருந்து எழுதினேன், ஒரு பக்கம் மட்டும் எழுதினேன், மூலச் சொல்லை அப்படியே தூக்கினேன், ஆசிரியர் விட்டுக்கொடுத்ததை அவர் கருத்தாக எடுத்தேன், சொல் தெரியவில்லை. நான்கைந்து தாள் ஆனதும் நோட்டைப் புரட்டினால் ஒரே வரி திரும்பத் திரும்ப வருவது தெரியும். அது "சொல் தெரியவில்லை" என்பதாக இருப்பது குறைவு. அந்த ஒரு வகைக் கேள்வியை மட்டும் பழைய தாள்களிலிருந்து பொறுக்கியெடுத்து ஒரு வாரம் செய்யுங்கள். முழுத் தாளை மேலும் மேலும் செய்வதைவிட இது பத்து மடங்கு மேல்.

சொல்வளத்துக்குத் தனியாகப் பட்டியல் மனப்பாடம் வேண்டாம். புதிய சொல்லை அது வந்த வாக்கியத்தோடு எழுதிவையுங்கள், போதும்.

பிரிலிமுக்கு (ஏ-லெவலுக்கு முன் பள்ளியிலேயே வைக்கும் தேர்வு) ஒரு மாதம் முன்பு கடிகாரத்தை எடுங்கள். நான் சொல்லும் பங்கீடு: படிக்க 10 நிமிடம், குறுவினாவுக்கு 35, சுருக்கத்துக்கு 20, ஏக்யூவுக்கு 25. நேரம் வந்ததும் பாதி வாக்கியத்திலும் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். ஒரு மதிப்பெண் கேள்வியில் ஏழு நிமிடம் உட்கார்ந்துவிட்டு ஏக்யூவை அரைப்பக்கத்தில் முடிக்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். ஏக்யூவுக்கு நேரமே போதவில்லை என்றால், சில வாரம் சுருக்கத்துக்கு முன்னால் அதை எழுதிப் பாருங்கள். எந்த வரிசை உங்களுக்கு ஒத்துவருகிறதோ அதை பிரிலிமுக்குள் முடிவு செய்துவிடுங்கள். நவம்பரில், ஏ-லெவல் நேரத்தில், மாற்றாதீர்கள். கடைசி வாரத்தில் புதிய தாள் எதுவும் வேண்டாம், திருத்த நோட்டையும் அதில் உள்ள கேள்விகளையும் மட்டும் திரும்பப் பாருங்கள்.