ஆர்ச்டாப் கிதாரின் பிக்கப் ஊமையானால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்பலகை வளைந்த ஆர்ச்டாப் கிதாரில் ஒரு பிக்கப் திடீரென்று ஓசையற்றுப் போனால், அது செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் காந்தமும் அதையொட்டிய கம்பிச்சுருளும்தான் பிக்கப். அதில் அசையும் உறுப்பு கிடையாது, எனவே தேய்மானமும் கிடையாது. தேய்வதும் தளர்வதும் ஸ்விட்ச், ஜாக், குமிழ்கள், கேபிள் ஆகியவைதான். முதலில் சந்தேகப்பட வேண்டியவையும் இவையே.

கிப்சன் இஎஸ்-175 கிதாரை எடுத்துக்கொள்வோம். 1949இல் ஒற்றைப் பிக்கப்புடன் வந்தது. 1953இல் இரண்டு பிக்கப் உள்ள வடிவம் சேர்ந்தது. 1957 முதல் அதில் ஹம்பக்கர்கள், அதாவது இரைச்சலைக் குறைக்க இரு சுருள்கள் கொண்ட பிக்கப்கள், இடம்பிடித்தன. இரண்டு பிக்கப் உள்ள இந்தக் கிதாரில் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்படி ஸ்விட்சை நடுவில் வைத்துவிட்டு ஏதேனும் ஒரு வால்யூம் குமிழை அடியோடு குறைத்தால் இரண்டு பிக்கப்பும் சேர்ந்தே அடங்கிவிடும். அதன் வயரிங் அப்படி, பழுது எதுவும் இல்லை. இன்னொரு பொய் அறிகுறி தந்தியால் வருவது. வெண்கலம் சுற்றிய தந்திகளை மாட்டினால் கீழ்ஸ்தாயித் தந்திகள் மங்கிப்போய், மேல்ஸ்தாயியில் உள்ள இரண்டு வெறும் எஃகுத் தந்திகள் மட்டும் ஓங்கி ஒலிக்கும். வெண்கலத்தைக் காந்தம் பொருட்படுத்துவதில்லை, உள்ளே ஓடும் எஃகுதான் அதற்குத் தெரியும். பிக்கப் பலவீனமாகிவிட்டது என்று நினைப்பவர்கள், கடைசியாக எந்தத் தந்தி மாற்றினோம் என்று முதலில் யோசிக்க வேண்டும்.

அடுத்த தவறு, அளந்து பார்க்காமல் கழற்றுவது. இஎஸ்-175 போன்ற முழு உள்ளீடற்ற கிதாருக்குப் பின்புறத்தில் மூடி கிடையாது. குமிழும் ஜாக்கும் மேற்பலகையில் ‘f’ வடிவில் உள்ள எஃப் துளை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அந்தப் பாட்டைப் படுவதற்கு முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. கேபிளைக் கிதாரில் செருகுங்கள். ஸ்விட்சைச் சந்தேகத்துக்குரிய பிக்கப்பின் பக்கம் தள்ளி, வால்யூமை முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனைப் பிளக்கின் நுனியில் மல்டிமீட்டரின் ஒரு முனையையும் தண்டில் மற்றதையும் வையுங்கள். ஏழிலிருந்து ஒன்பது கிலோ ஓம் வரை காட்டினால் ஹம்பக்கர் பெரும்பாலும் நலமாக இருக்கிறது, ஆம்ப்ளிஃபயர் பக்கம் பாருங்கள். பூச்சியத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. நான்கு கிலோ ஓம் அளவில் நின்றால் ஹம்பக்கரின் இரு சுருள்களில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கலாம். ஆனால் ஸ்விட்ச் நடுவில் இருந்தாலும் இதே எண்தான் வரும், அதைக் கவனியுங்கள்.

மிகவும் பயனுள்ள எண் 500 கிலோ ஓம். அது வால்யூம் குமிழின் சொந்த மின்தடை மதிப்பு. மீட்டர் அதை மட்டும் காட்டினால், குமிழ் முதல் ஜாக் வரை எல்லாம் சரி, பிக்கப்தான் மின்சுற்றிலிருந்து விடுபட்டிருக்கிறது என்று பொருள்: ஒன்று சுருள் அறுந்திருக்கும், அல்லது அதன் வயர் குமிழிலிருந்து கழன்றிருக்கும். மீட்டரை 20 கிலோ ஓம் வீச்சிலேயே வைத்திருந்தால் இந்த எண் தெரியாது, அளவு மீறியதாகத்தான் காட்டும். 2 மெகா ஓம் வீச்சுக்கு மாற்றியும் எதுவும் தெரியவில்லை என்றால் ஸ்விட்சிலோ ஜாக்கிலோ தொடர்பு அறுந்திருக்கிறது.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் தந்திகள் அனைத்தையும் ஒரே மூச்சில் அவிழ்க்காதீர்கள். தந்திகளைத் தாங்கும் ஆர்ச்டாப்பின் பிரிட்ஜ், தந்தியின் அழுத்தத்தில் மட்டுமே நிற்பது. அது நகர்ந்தால் சுருதி போய்விடும். முதலில் அதன் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு உள்ள கிதாரில் வலுவான ஒட்டுநாடா பூச்சையே உரித்துவிடும் என்பதால் மிக லேசாக ஒட்டும் நாடா போதும். ஒவ்வொரு குமிழின் தண்டிலும் நீளமான நூலைக் கட்டிவிட்டு உள்ளே தள்ளினால், திரும்ப அதே துளைக்கு இழுத்து வரலாம். நூல் இல்லாமல் தள்ளிவிட்டு எஃப் துளையில் இடுக்கியை விட்டுத் துழாவுவதில்தான் துளையின் ஓரம் சிராய்கிறது. சால்டரிங் எல்லாம் கிதாருக்கு வெளியே நடக்கட்டும். சால்டர் பிடிக்க உதவும் ஃபிளக்ஸில் அமிலம் கலந்தது வேண்டவே வேண்டாம்.

மாற்றுப் பிக்கப் வாங்கும்போது நடக்கும் தவறு திருத்த முடியாதது. 1961இல் வந்த கிப்சன் ஜானி ஸ்மித் போன்ற கிதார்களில் பிக்கப் மேற்பலகையைத் தொடாமல் மிதக்கும். அத்தகைய பிக்கப் பழுதானால், செதுக்கிச் செய்த ஸ்புரூஸ் மரப் பலகையில் பெரிய ஹம்பக்கரைப் பொருத்துவதற்காக ஓட்டை போடுவதை நினைத்தாலே எனக்கு மனம் பதறுகிறது. தந்திக்கும் பலகைக்கும் இடையே உள்ள உயரத்தை அளந்து, அதற்குள் அடங்கும் மிதக்கும் பிக்கப்பையே தேடுங்கள்.

பழையதைத் தூக்கி எறியவும் கூடாது. அறுந்த இடம் பல நேரம் சுருளின் வெளிமுனை இணைப்பில்தான் இருக்கும், அது ஒரு துளி ஈயத்தில் தீரக்கூடிய பழுது. உள்ளே அறுந்திருந்தாலும் பழைய காந்தத்தையும் உடலையும் வைத்துக்கொண்டு மறுபடி காயில் கட்டலாம். ஆனால் அந்தக் கம்பியின் தடிமன் சுமார் 0.06 மில்லிமீட்டர், ஒரு சுருளுக்கு ஏறத்தாழ ஐயாயிரம் சுற்று. மின்விசிறிக்குக் காயில் கட்டுபவரிடம் இதைக் கொடுக்காமல், பிக்கப் கட்டிப் பழகியவரிடமே கொடுங்கள்.

புதியதை இணைக்கும் முன் ஃபேஸ், அதாவது இரு பிக்கப்பின் சிக்னலும் ஒரே திசையில் ஏறி இறங்குகிறதா என்று, பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டரைப் பிக்கப்பில் இணைத்து, ஸ்குரூ டிரைவரை அதன்மேல் வைத்துச் சட்டென்று எடுத்தால் எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். இரண்டு பிக்கப்பிலும் அது ஒரே திசையில் நடக்க வேண்டும். மாறி நடந்தால் ஸ்விட்ச் நடுவில் இருக்கும்போது ஒலி மெலிந்து சாரமற்றுப் போகும். நான்கு வயர் கொண்ட பிக்கப்பில் வயரை மாற்றிச் சரிசெய்யலாம். பின்னல் உறை கொண்ட பழைய பாணி ஒற்றை வயரில் அப்படி மாற்றினால், பிக்கப்பின் உலோக மூடியே சிக்னல் பக்கம் சேர்ந்து, கை பட்டதும் இரையும். அங்கே காந்தத்தைத்தான் திருப்பிப் போட வேண்டும். இதைச் சால்டர் வைப்பதற்கு முன்பே முடித்துவிட்டால், எல்லாவற்றையும் எஃப் துளை வழியாக மறுபடி வெளியே இழுக்க நேராது.