நடு அறைக்கு வெளிச்சம் வந்தது இப்படித்தான்

எங்கள் வீட்டு நடு அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. பகலிலேயே லைட் போட்டால்தான் எழுத்து தெரியும்.

முதலில் கைவைத்தது ஜன்னலில். கொசுவலையைக் கழற்றிக் கழுவினேன். இழைக்கு இழை தூசி அடைத்திருந்தது, வாளித் தண்ணீர் கறுத்தே போனது. திரைக் கம்பியை இரு பக்கமும் ஒரு சாண் நீளமாக மாற்றினேன். இப்போது திரையை ஒதுக்கினால் கண்ணாடி முழுசாகத் திறந்து கிடக்கிறது. பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்தது என்பேன்.

அப்புறம் பெயின்ட். அடர் நிறச் சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும். நல்ல வெள்ளை 80 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும். கூரைக்குத் தூய வெள்ளை, சுவருக்கு லேசான சந்தன நிறம். பளபளப்பு வேண்டாம், சுவரின் மேடு பள்ளத்தை எல்லாம் காட்டிக்கொடுக்கும்.

நிலைக்கண்ணாடியை ஜன்னலுக்கு நேரெதிரே மாட்டச் சொல்வார்கள். எங்களுக்கு அதில் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரிந்தது! ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவருக்கு மாற்றியதும் வெளிச்சம் அறைக்குள் பரவியது.

இரவுக்கு, நடுவில் ஒரே பல்பு எரிந்தால் மூலைகள் இருட்டாகவே இருக்கும். அதனால் சுவரில் வெளிச்சம் படும்படி இரண்டு விளக்குகள் சேர்த்தேன். வாங்கும்போது வாட்டைவிட லூமனைப் பாருங்கள், பல்பு தரும் வெளிச்சத்தின் அளவு அதுதான். 9 வாட் எல்இடி பல்பு சுமார் 800 லூமன் தரும். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், கூடக்கூட நீலம் கலந்த வெள்ளையாகும். 6500 கெல்வின் பல்பு எனக்கு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது, 4000 போட்டேன். சரியாக இருக்கிறது.